பந்தியில் இடம் போதாவிட்டால்...

திருமண வீட்டுக் கூடம். பந்தி தொடங்கிவிட்டது. பந்தி விசாரிப்பவர் வாசலருகே நின்று, வருகிறவர்களை வந்த வரிசைப்படியே உட்கார வைக்கிறார். முதல் வரிசையில் பன்னிரண்டு இலைகள் போடலாம். ஒரு குடும்பத்தார் மூவர் வந்தனர், உட்கார்ந்தனர். அடுத்து நால்வர். அதற்கடுத்து மூவர். ஆகப் பத்து இலைகள் நிறைந்துவிட்டன. இப்போது ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று வருகிறது. மீதி இருப்பவையோ இரண்டே இலைகள். குடும்பத்தைப் பிரித்து உட்கார வைக்க முடியுமா? "நீங்க அடுத்த வரிசைக்கு வாங்க" என்று அவர் கை காட்டுகிறார். முதல் வரிசையில் இருப்பவர்களைப் பார்த்து, "கொஞ்சம் தாராளமாத் தள்ளி உட்காருங்க" என்கிறார். இரண்டு இலை இடமும் பத்துப் பேருக்குள் பங்காகிவிடுகிறது.

கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ நீங்கள் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் இதே பந்தி வேலை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? அங்கே கூடம் என்பது திரை. குடும்பங்கள் என்பவை பொத்தான்கள், படங்கள், செய்திக் கட்டங்கள். பந்தி விசாரிப்பவர், உலாவி எனப்படும் நிரல். அவர் கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துவிடுகிறார் என்பதால் நாம் அவரைக் கவனிப்பதில்லை. அவர் தவறு செய்யும்போதுதான் கவனிக்கிறோம்.

அப்படிக் கவனிக்க நேர்ந்த ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். கடைசி நாள், கடைசி மணி. எல்லாக் கட்டங்களையும் நிரப்பி அடிப்பகுதிக்கு வந்தால், 'திருத்து', 'சேமி' என்ற இரண்டு பொத்தான்கள்தாம் இருந்தன. விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானைக் காணோம். பக்கத்தை இடப்புறம் இழுத்துப் பார்த்தேன், நகரவில்லை. வெளியேறி மீண்டும் முதலிலிருந்து நிரப்பினேன். மறுபடியும் அதே கதை. அலுத்துப்போய்க் கைப்பேசியைப் பக்கவாட்டில் சாய்த்தபோது, திரை அகன்று கொடுத்தது. வலது ஓரத்தில், 'சமர்ப்பிக்கவும்' என்ற மூன்றாவது பொத்தான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது! அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, திரைக்கு வெளியே. 'இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்குப் போ' என்று அந்தப் பொத்தான்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த 'அடுத்த வரிக்குப் போ' என்ற கட்டளையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதற்கு 'மடிப்பு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அகலம் தெரியாத தாள்

புத்தகம் அச்சிடுகிறவருக்குத் தாளின் அகலம் முன்கூட்டியே தெரியும். எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்று அவர் அளந்து வைத்துவிடலாம். வலைப்பக்கம் அமைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எழுதிய ஒரே பக்கத்தை ஒருவர் மேசைக் கணிப்பொறியில் பார்ப்பார். இன்னொருவர் உள்ளங்கை அகலத் திரையில் பார்ப்பார். பார்வை மங்கிய மூன்றாமவர் எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். ஆகவே அவர் 'இந்தப் பொத்தான் இங்கே' என்று இடம் குறிக்க முடியாது. 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று விதிகளைத்தான் எழுத முடியும்.

சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் வலைப்பக்கங்கள் 1991-இல் வெளிவந்தபோது இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. அவற்றில் இருந்தவை பெரும்பாலும் சொற்களே. சொற்கள் தண்ணீரைப் போல. பாத்திரத்தின் அகலத்திற்கு ஏற்பத் தாமே அடுத்த வரிக்கு வழிந்துவிடும். பக்கத்தில் பட்டிகளும் படக் கட்டங்களும் வந்து சேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக விதிகளாக எழுதலாம் என்ற யோசனையை, அதே செர்னில் பணியாற்றிய ஹோக்கோன் வியூம் லீ 1994-இல் முன்வைத்தார். அதுவே சி.எஸ்.எஸ். என்ற நடைவிதி மொழியாக 1996 டிசம்பரில் உறுதிபெற்றது. ஆனால் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, இடம் போதாதபோது மடிப்பதற்கென்று நேரான வழி அதில் இல்லை. பக்கம் அமைப்பவர்கள் அட்டவணைகளைப் பயன்படுத்தினார்கள். நான்கு பத்தி அட்டவணை, திரை எவ்வளவு சுருங்கினாலும் நான்கு பத்தியாகவே நின்றது. பெட்டிகளை இடப்பக்கம் மிதக்கவிடும் வழி ஒன்றும் இருந்தது. அதில் பெட்டிகள் மடியும். ஆனால் முதல் வரியில் ஒரு பெட்டி மட்டும் சற்று உயரமாக இருந்துவிட்டால், அடுத்த வரிக்கு வரும் பெட்டி அதன் தோளில் இடித்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிடும். அந்தக் காலத்துப் பக்க அமைப்பாளர்களைக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

மொசில்லா உலாவியின் சொந்தச் சாளரங்களை அமைக்க உள்ளுக்குள் ஒரு பெட்டி முறை இருந்தது. அதை வலைப்பக்கங்களுக்கும் கொண்டுவரும் முதல் வரைவு 2009-இல் வெளியாயிற்று. பெயரும் சொற்களும் சில முறை மாறி, 2012-இல் இன்றைய வடிவத்தை அடைந்தது. இதற்கு ஆங்கிலத்தில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் என்று பெயர். நாம் 'நெகிழ்பெட்டி' எனலாம். மடிப்பு மட்டும் எல்லா உலாவிகளுக்கும் வந்துசேர இன்னும் சற்றுக் காலம் பிடித்தது. ஃபயர்ஃபாக்ஸில் அது 2014-ஆம் ஆண்டின் 28-ஆம் பதிப்பில்தான் வந்தது.

பொத்தான்களை எண்ணிப் பார்ப்போம்

நெகிழ்பெட்டியில் ஒரு தாய்ப் பெட்டியும் அதனுள் பல சேய்ப் பெட்டிகளும் உண்டு. தாய்ப் பெட்டிக்கு 'ஃப்ளெக்ஸ்-ராப்' என்ற ஒரு பண்பு இருக்கிறது. (நடைவிதிகளையும் நிரல் கட்டளைகளையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறோம்.) அதற்கு மூன்று மதிப்புகள் கொடுக்கலாம். 'நோராப்' என்றால் மடியாதே, எல்லாரும் ஒரே வரி. 'ராப்' என்றால் இடம் போதாதபோது மடி. 'ராப்-ரிவர்ஸ்' என்றால் மடி, ஆனால் புதிய வரிகளைக் கீழே போடாமல் மேலே மேலே அடுக்கு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் உலாவி எடுத்துக்கொள்வது 'நோராப்'. என் விண்ணப்பப் படிவத்தின் கதை இப்போது புரிகிறது அல்லவா?

ஒரு கணக்குப் போடுவோம். பள்ளி வலைப்பக்கம் ஒன்றின் தலைப்பில் ஐந்து பொத்தான்கள் இருப்பதாகக் கொள்வோம். முகப்பு 110 புள்ளி அகலம், பாடங்கள் 140, சோதனைகள் 160, வினா விடை 150, தொடர்பு 120. ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 புள்ளி இடைவெளி. கூட்டினால் பொத்தான்கள் 680, இடைவெளிகள் 40, மொத்தம் 720.

(இங்கே புள்ளி என்பது கண்ணாடிக்குப் பின்னே உள்ள உண்மையான ஒளிப்புள்ளி அன்று. பக்க அமைப்புக்கென்று வைத்துக்கொண்ட ஓர் அளவு. குறுக்கே 1080 ஒளிப்புள்ளிகள் கொண்ட ஒரு கைப்பேசி, மூன்றை ஒன்றாகக் கணக்கிட்டு, 'என் அகலம் 360' என்று உலாவிக்குச் சொல்லும்.)

தாய்ப் பெட்டியின் அகலம் 800 என்றால் ஒரே வரியில் எல்லாம் அடங்கி 80 புள்ளி மிச்சம். அகலம் 600 என்றால்? முதல் மூன்று பொத்தான்கள் இடைவெளியோடு 430. 'வினா விடை'யைச் சேர்த்தால் 590; அதுவும் அடங்கும். 'தொடர்பு' வந்தால் 720, அடங்காது. ஆகவே 'தொடர்பு' மட்டும் தனியாக இரண்டாம் வரிக்குப் போகிறது. 360 புள்ளிக் கைப்பேசியில் முதல் வரியில் இரண்டு, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் ஒன்று.

உலாவி பின்பற்றும் விதி இதுவே: வந்த வரிசைப்படி ஒவ்வொன்றாக எடு, அடங்கும் வரை இதே வரியில் சேர், முதல் முறை அடங்காதபோது புதிய வரி தொடங்கு. பின்னால் வரப்போவது யார் என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. போன வரிக்குத் திரும்பிச் சென்று சரி செய்வதும் இல்லை. கணிப்பொறியியலில் இதைப் பேராசை முறை என்பார்கள். கையில் இருக்கும் இடத்தை அப்போதே நிரப்பிவிடும் ஆசை!

இதைவிடச் சிறந்த முறை இல்லையா? இருக்கிறது. அச்சுப் பத்திகளில் வரி எங்கே முறிய வேண்டும் என்பதற்காக டொனால்ட் குனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அது பத்தி முழுவதையும் ஒரே பார்வையில் வைத்து, ஒரு வரி அழகாக இருக்க இன்னொரு வரி கெடாதபடி மொத்தத்தில் சிறந்த முறிவுகளைத் தேர்ந்தெடுக்கிறது. நெகிழ்பெட்டி அந்த வழியில் போகவில்லை. எனக்கு அது சரியென்றே படுகிறது. திரையின் அகலம் கொஞ்சம் மாறியவுடன் எல்லாப் பொத்தான்களும் இடம் மாறிக் குதித்தால், படிப்பவர் எதை எங்கே தேடுவார்?

மாணவர்கள் பலர் தவறாக நினைக்கும் இடம் ஒன்று உண்டு. நெகிழ்பெட்டி என்ற பெயரைப் பார்த்துவிட்டு, 'முதலில் எல்லாப் பெட்டிகளையும் இயன்றவரை சுருக்கும். அப்படியும் போதாவிட்டால்தான் மடிக்கும்' என்று எண்ணுகிறார்கள். உண்மை தலைகீழ். மடிப்பு அனுமதிக்கப்பட்டிருந்தால், சேய்ப் பெட்டிகளின் இயல்பான அகலத்தை வைத்து முதலில் வரிகள் பிரிக்கப்படும். அதன் பின்னரே ஒவ்வொரு வரிக்குள்ளும் நீட்டுதல் நடக்கும். ஒரே பெட்டி தனியாகவே வரியை விட அகலமாக இருந்தால் ஒழியச் சுருக்கத்திற்கு அங்கே வேலையே இல்லை.

நீட்டுதலில் ஒரு வேடிக்கை. மீதி இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி நாம் சொல்லியிருந்தால், 600 அகலத்தில் முதல் வரியின் நான்கு பொத்தான்களும் மிச்சமிருக்கும் 10 புள்ளியை ஆளுக்கு இரண்டரையாகப் பெறும். இரண்டாம் வரியிலோ 'தொடர்பு' ஒருவனே. முழு மிச்சமும் அவனுக்கே. 120 புள்ளியாக வந்தவன் 600 புள்ளிக்கு நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவான்! பந்தியின் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் சப்பணமிட்டு முழு ஜமக்காளத்தையும் ஆள்வது போல.

மடிப்பு இல்லையென்றால் என்ன ஆகும்? 720 புள்ளியை 360-க்குள் அடைக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானும் தன் அகலத்திற்கு ஏற்ற வீதத்தில் இழக்கும்; 160 உள்ளது சுமார் 85 புள்ளியும், 110 உள்ளது சுமார் 58 புள்ளியும். ஆனால் எந்தப் பெட்டியும், தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுகச் சாதாரணமாகச் சம்மதிக்காது. 'வினா விடை' இரண்டு சொல். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒடுங்கும். 'சோதனைகள்' ஒரே சொல், ஒடுங்காது. எல்லாரும் ஒடுங்கிய பிறகும் இடம் போதாமற்போனால், கடைசிப் பொத்தான் கூடத்தின் வாசலைத் தாண்டி வெளியே போய்விடும். தமிழில் சொற்களைச் சேர்த்து எழுதும் வழக்கம் அதிகம் அல்லவா? 'ஹோம்' என்று நாலு ஆங்கில எழுத்துக்குப் போட்ட பொத்தானில் 'முகப்பு' எப்படியோ அடங்கும், 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. ஆங்கிலத்தில் ஒழுங்காக நிற்கும் ஒரு பக்கம், தமிழாக்கியவுடன் வழிந்து ஓடுவதன் காரணங்களுள் இது ஒன்று.

மேற்பார்வையாளர் வருகிறார்

இதுவரை பார்த்தவை எல்லாம் எழுதி வைத்த விதிகள். சில வேளைகளில் விதி போதாது. நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க ஒருவர் வேண்டும். பெரிய கல்யாணங்களில் பந்தி விசாரிப்பவருக்கும் மேலே ஒரு மாமா நிற்பார், பார்த்திருக்கிறீர்களா? வலைப்பக்கத்தில் அந்த மாமா, ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். உலாவிக்குள்ளேயே ஓடும் இந்த நிரல் மொழி, பக்கத்தின் எந்தப் பெட்டியையும் பிடித்து அதன் நடைவிதியை மாற்ற வல்லது.

மடிப்பை மாற்ற ஒரே வரிக் கட்டளை போதும். பெட்டியின் பெயர், புள்ளி, 'ஸ்டைல்', புள்ளி, 'ஃப்ளெக்ஸ்ராப்', சமக்குறி, மேற்கோளுக்குள் 'ராப்'. நடைவிதியில் 'ஃப்ளெக்ஸ்' என்பதற்கும் 'ராப்' என்பதற்கும் நடுவே ஒரு சிறு கோடு இருந்தது. இங்கே அது இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதி, 'ராப்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்க வேண்டும். ஏன்? ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தச் சிறு கோடு கழித்தல் குறி! கோட்டை விட்டுவைத்தால், ஃப்ளெக்ஸிலிருந்து ராப்பைக் கழிக்கச் சொல்கிறீர்கள் என்று அது எண்ணிக்கொள்ளும்.

சரி, இந்த மாமாவுக்கு என்ன வேலை கொடுப்போம்? ஓர் எடுத்துக்காட்டு. நம் ஐந்து பொத்தான்களும் ஒரே வரியில் அடங்கினால் அப்படியே இருக்கட்டும். அடங்காவிட்டால் மூன்று வரிகளாக மடிந்து திரையின் உச்சியை அடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே வரியாக நின்று, விரலால் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும்படி இருக்கட்டும். 'மடிந்துவிட்டாயா?' என்று பெட்டியைக் கேட்கும் விதி நடைவிதி மொழியில் இல்லை. நிரலால் கண்டுபிடிக்க முடியும். முதல் பொத்தான் மேல்விளிம்பிலிருந்து எத்தனை புள்ளி கீழே இருக்கிறது, கடைசிப் பொத்தான் எத்தனை புள்ளி கீழே இருக்கிறது என்று 'ஆஃப்செட்டாப்' என்ற அளவால் கேட்கலாம். இரண்டும் சமம் என்றால் ஒரே வரி. கடைசிப் பொத்தான் தாழ்ந்திருந்தால் மடிந்துவிட்டது. எளிய தந்திரம்தான்.

இனி நிரலை இப்படி எழுதலாம் என்று தோன்றும்: அகலம் மாறும்போதெல்லாம் பார், மடிந்திருந்தால் மடிப்பை நிறுத்து, மடியாமல் இருந்தால் மடிப்பை அனுமதி. படிக்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஓட விட்டுப் பாருங்கள்! 360 அகலத்தில் பொத்தான்கள் மடிகின்றன. நிரல் பார்க்கிறது, மடிப்பை நிறுத்துகிறது. எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டன. கைப்பேசியைக் கொஞ்சம் அசைத்தவுடன் நிரல் மீண்டும் பார்க்கிறது. 'அட, மடியவில்லையே!' என்று மடிப்பை அனுமதிக்கிறது. உடனே மடிகிறது. மறுபடியும் நிறுத்துகிறது. பொத்தான்கள் மேலும் கீழுமாகத் துள்ளுகின்றன.

தவறு எங்கே? நிரல் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. தான் எடுத்த முடிவின் விளைவைப் பார்த்து அடுத்த முடிவை எடுத்திருக்கிறது. குடை பிடித்திருப்பவன், 'நான் நனையவில்லை, ஆகவே மழை இல்லை' என்று குடையை மடக்குவது போல.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். 'மடிந்திருக்கிறதா?' என்று கேட்காதே. 'ஒரே வரிக்கு எவ்வளவு இடம் வேண்டும், எவ்வளவு இடம் இருக்கிறது?' என்று கேள். பொத்தான்கள் இயல்பான நிலையில் இருக்கும்போது ஒருமுறை அளந்து 720 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தாய்ப் பெட்டியின் அகலத்தை மட்டும் அதோடு ஒப்பிட வேண்டும். 720-க்குக் குறையாமல் இருந்தால் ஒரு முடிவு. குறைந்தால் மற்றொரு முடிவு. நிரல் எந்த முடிவை எடுத்தாலும் 720 மாறாது; எனவே ஊசலாட்டமும் இல்லை.

'திரை 720-க்குக் குறைந்தால்' என்று நடைவிதியிலேயே எழுதிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எழுதலாம். திரையைப் பார்த்து விதி மாற்றும் வழி பல ஆண்டுகளாக இருக்கிறது. தாய்ப் பெட்டியின் அகலத்தையே பார்த்து விதி மாற்றும் வழியும் 2023-க்குள் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஆனால் அந்த 720 நம் கையால் எழுதிய எண். 'தொடர்பு' என்பதை 'தொடர்புகொள்ள' என்று மாற்றினாலோ, படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினாலோ அது பொய்யாகிவிடும். அளந்து பார்ப்பவன் ஏமாறமாட்டான்.

அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பக்கங்கள் பல, தமக்கென்று ஒரு எழுத்துருவை வலையிலிருந்து வரவழைக்கின்றன. அது வந்து சேரும் வரை உலாவி, சாதனத்தில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவில் எழுதி வைத்திருக்கும். இரண்டின் அகலமும் ஒன்றாக இருப்பதில்லை. நம் நிரல் அவசரப்பட்டு முதல் எழுத்துருவில் அளந்துவிட்டால், துணிக்கடையில் அண்ணனை அளந்து தம்பிக்குச் சட்டை தைத்த கதைதான். எழுத்துருக்கள் எல்லாம் வந்தாயிற்றா என்று உலாவியைக் கேட்டு, 'வந்தாயிற்று' என்ற பிறகு அளப்பதே முறை.

கவனித்துக்கொண்டே இருக்கும் காவலன்

அகலம் மாறியதை நிரல் எப்படி அறிகிறது? முன்பெல்லாம் உலாவிச் சாளரம் முழுவதும் மாறினால்தான் செய்தி வரும். பக்கத்தின் உள்ளே ஒரு பெட்டி மட்டும் சுருங்கினால் தெரியாது. இப்போது 'ரீசைஸ் அப்சர்வர்' என்ற காவலன் இருக்கிறான். குரோம் உலாவிக்கு இவன் 2018-இல் வந்தான். ஒரு பெட்டியைக் காட்டி 'இதைக் கவனி' என்றால் போதும். அதன் அளவு மாறும்போதெல்லாம் வந்து சொல்வான்.

இங்கும் ஓர் ஆபத்து. காவலன் சொன்ன செய்தியைக் கேட்டு நிரல் பெட்டியின் அளவை மாற்றினால், 'அளவு மாறியது' என்று காவலன் மறுபடியும் வருவான். நிரல் மீண்டும் மாற்றும். இதற்கு முடிவே இல்லாமல் திரை உறைந்துபோக வேண்டியதுதான். ஆகவே இதை வடிவமைத்தவர்கள் ஒரு தடை வைத்தார்கள். ஒரே காட்சிக்குள், ஒரு முறை செய்தி சொன்ன பிறகு, அதைவிட உள்ளே அமைந்த பெட்டிகளைப் பற்றி மட்டுமே அடுத்த செய்தி சொல்லலாம். பெட்டிக்குள் பெட்டியாக எவ்வளவு ஆழம் போனாலும் ஓர் அடித்தளம் உண்டல்லவா? அங்கே சுற்று நின்றுவிடும். மீந்த செய்திகள் அடுத்த காட்சிக்குத் தள்ளப்படும். நிரல் எழுதியவருக்கு ஒரு பிழைக் குறிப்பும் வரும்.

நிரலே இல்லாமலும் இந்தச் சுழல் வரக்கூடும் என்பது வியப்பு. மேசைக் கணிப்பொறி ஒன்றில், பக்கம் திரையின் உயரத்திற்குச் சரியாக இருக்கிறது என்று கொள்வோம். ஒரு பொத்தான் மடிகிறது. பக்கம் ஒரு வரி நீளுகிறது. உடனே வலது ஓரத்தில் உருட்டுப்பட்டை தோன்றி 15 புள்ளி போல இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அகலம் குறைந்ததால் இன்னொரு பொத்தானும் மடிகிறது! நம் நிரல் 'மடிப்பு வேண்டாம்' என்று நிறுத்தினால் பக்கம் குறுகி, உருட்டுப்பட்டை மறைந்து, அகலம் கூடி, மறுபடியும் முதலிலிருந்து. உருட்டுப்பட்டை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கென்று ஓர் ஓரத்தை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

வேகமும் ஒரு கணக்குத்தான். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு காட்சிக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லி நொடி. ஒரு பொத்தானின் இடத்தை நிரல் கேட்டால், உலாவி நிலுவையில் உள்ள மாற்றங்களையெல்லாம் கணக்கிட்டு முடித்துத்தான் விடை சொல்ல முடியும். ஒன்றை அளந்து, ஒன்றை மாற்றி, மறுபடியும் ஒன்றை அளந்து என்று நூறு பெட்டிகளுக்குச் செய்தால் அந்தப் பந்திக் கணக்கை நூறு முறை போட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் முதலில் அளந்துகொண்டு, பிறகு எல்லாவற்றையும் மாற்றினால் ஒரு முறையோடு முடிந்துவிடும்.

மாமா வராவிட்டால்?

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. நிரல் என்பது வலைவழியே தனியாக வந்து சேர வேண்டிய பொருள். இணைப்பு மெதுவாக இருந்தால் அது தாமதமாக வரும். சில சமயம் வராமலே போகும். அப்போது பந்தி நின்றுவிடக் கூடாது. ஆகவே நடைவிதியில் முதலிலேயே 'மடி' என்று எழுதி வைத்துவிட வேண்டும். நிரல் வந்தால் அதை அழகுபடுத்தட்டும். நிரல் வராவிட்டால் பொத்தான்கள் மூன்று வரியாக நிற்கும். பார்க்கச் சுமாராக இருக்கும். ஆனால் ஒன்றும் காணாமற்போகாது.

வலைப்பக்கங்களை யாவரும் அணுகும்படி அமைப்பதற்கான 2.1-ஆம் வழிகாட்டி 2018 ஜூனில் வெளிவந்தது. பக்கத்தை 320 புள்ளி அகலத்திற்குச் சுருக்கினாலும், வாசகர் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க நேரக்கூடாது என்று அது கேட்கிறது. வரைபடம், அட்டவணை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. 320 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1280 புள்ளித் திரையைப் பார்வை குறைந்த ஒருவர் நான்கு மடங்கு பெரிதாக்கினால் அவருக்கு மிஞ்சும் அகலம் அதுதான். அதே காரணத்தால், நம் பக்கவாட்டு நகர்வு ஏற்பாடும் அவருக்கு இடைஞ்சலாகலாம். அவருக்கு மூன்று வரி மடிப்பே மேல்.

நம் ஐந்து பொத்தான்களையும் 320-இல் வைத்துப் பாருங்கள். முதல் வரியில் 260. இரண்டாம் வரியில் 160-ம் 10-ம் 150-ம் சேர்ந்து சரியாக 320! மயிரிழையில் அடங்கிவிட்டது. மூன்றாம் வரியில் 'தொடர்பு' தனியாள். அகலத்தில் ஒரே ஒரு புள்ளியைக் குறைத்து 319 ஆக்குங்கள். 'வினா விடை' இரண்டாம் வரியிலிருந்து வெளியேறி 'தொடர்பு'க்குத் துணையாகப் போய்விடும். வரிகளின் எண்ணிக்கை அப்போதும் மூன்றே.

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்தப் பொத்தான்கள் இரண்டே வரியில் அடங்க வேண்டுமானால் தாய்ப் பெட்டி குறைந்தது எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? வரிசையை மாற்றாமல் செய்தால் 430 என்று விடை வர வேண்டும். வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்றால் 390-லேயே அடக்கிவிடலாம். எந்த மூன்று பொத்தான்கள் ஒரு வரியில் சேர வேண்டும்?